வரவு, செலவு, வட்டி – பயோபிராசஸ் கணக்குகளைப் பழகுவது எப்படி?



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கத்தில் கேட்டார்கள். கவிதைக்கு நம் மலரில் எந்த வருஷமும் பஞ்சமில்லை. துணுக்குக்கும் பஞ்சமில்லை. அதனால் நாங்கள் நாலு பேர் எட்டு மாதமாகப் போட்டு வரும் கணக்குகளைப் பற்றியே எழுதிவிடுகிறேன். கெமிக்கல் பிரிவு நண்பர்களுக்கு நேரடியாகப் பயன்படும். மற்ற பிரிவு நண்பர்களும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதில் வரும் கணிதம் நாம் எல்லோரும் முதலாம் ஆண்டில் படித்ததுதான்.

நாங்கள் குறி வைத்திருப்பது 'கேட்' நுழைவுத் தேர்வு. அதில் உயிரித் தொழில்நுட்பத் தாள். "டிப்ளமோ படிக்கிற உனக்கு இப்பவே எதுக்கு கேட்டு?" என்று கேட்காதவர் இல்லை. நியாயமான கேள்விதான். பட்டப்படிப்பில் மூன்றாம் ஆண்டைத் தொட்டவர்கள்தான் அந்தத் தேர்வை எழுத முடியும். ஆனால் லேட்டரல் என்ட்ரியில் போகிற நாம் நேரே பி.டெக். இரண்டாம் ஆண்டில் போய் உட்காருகிறோம். அதற்கடுத்தது மூன்றாம் ஆண்டு. தேர்வு நடப்பது பிப்ரவரியில். விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், கையில் முழுசாக இரண்டு வருஷம்கூட இல்லை. பிளஸ் டூவில் உயிரியல் படித்து வந்தவர்கள் அந்த வகுப்பில் நமக்கு முன்னால் ஓடிக்கொண்டிருப்பார்கள். நம்மிடம் இருக்கிற முதல் எல்லாம் மெட்டீரியல் பேலன்ஸ் ஒன்றுதான். அந்த முதலை இப்போதே வட்டிக்கு விட்டால்தான் அன்றைக்குக் கைகொடுக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. அதை மறைப்பானேன்? 'கேட்' மதிப்பெண்ணோடு எம்.டெக். சேர்ந்தால் ஏ.ஐ.சி.டி.இ. உதவித்தொகை கிடைக்க வழி இருக்கிறது. 2024-ல் அது மாதம் 12,400 ரூபாய். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். எனக்குக் கீழே ஒரு தம்பி. மேலே படிக்கிறேன் என்று வாயைத் திறந்தால் முதலில் வரும் கேள்வி "எவ்வளவு ஆகும்?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு "எவ்வளவு வரும்" என்று திருப்பிப் பதில் சொல்ல முடிந்தால் வீட்டில் பேச்சே வேறு மாதிரி போகும். பக்கத்து நகரத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் விசாரித்தோம். அவர்கள் சொன்ன கட்டணம் அப்பாவின் நாலு மாதச் சம்பளம். வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டோம். பழைய வினாத்தாள்களையும் விடைக்குறிப்பையும் தேர்வை நடத்துகிறவர்களே வெளியிடுகிறார்கள். என்.பி.டி.இ.எல். பாடங்கள் கேட்கக் காசு இல்லை. மிச்சத்துக்கு ஒரு நாற்பது பக்க நோட்டும் பொறுமையும் போதும்.

தேர்வின் அமைப்பை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். 3 மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண். பொதுத் திறன் 15, கணிதம் 13, பாடம் 72. தேர்ந்தெடுத்துக் குறிக்கும் கேள்விகளோடு, விடையாக ஓர் எண்ணை மட்டும் தட்டச்சு செய்யும் கேள்விகளும் வரும். பயோபிராசஸ் பகுதிக்கு உயிர் இந்த இரண்டாவது வகையில்தான் இருக்கிறது.

அம்மாவின் நோட்டு

பயோபிராசஸ் என்றதும் பலரும் மிரளுவது அந்த 'பயோ'வைப் பார்த்துத்தான். பாக்டீரியாவின் பெயரே நாக்கில் நுழையாதபோது கணக்கு எங்கே போடுவது என்று விட்டுவிடுகிறார்கள். என் அனுபவத்தில் அந்தப் பெயர் கணக்குக்குத் தேவையே இல்லை.

என் அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். எங்கள் தெரு மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்கு நோட்டு எழுதுவது அவர்தான். பக்கத்தின் தலையில் முன் இருப்பு. அதன்கீழே வரவு, செலவு, உள்கடனுக்கு வந்த வட்டி. கடைசியில் கை இருப்பு. ஒரு ரூபாய் இடித்தாலும் அன்றைக்குக் கூட்டம் கலையாது. ஃபெர்மென்டர் கணக்கும் அதேதான்:

உள்ளே வந்தது − வெளியே போனது + உள்ளேயே உண்டானது = சேர்ந்தது.

உப்பு, தண்ணீர், சர்க்கரை இவற்றுக்குக் கணக்கெழுதிப் பழகியவர்களுக்கு இதில் புதுசு 'உள்ளேயே உண்டானது' என்ற வரி ஒன்றுதான். அதுதான் வட்டி. செல் தன்னைத்தானே பெருக்கிக்கொள்கிறது. எவ்வளவு செல் இருக்கிறதோ அதற்குத் தகுந்தபடி வட்டி. வட்டிக்கும் வட்டி. அந்த வட்டி வீதத்துக்குப் பெயர் ஸ்பெசிஃபிக் குரோத் ரேட். கிரேக்க எழுத்து மியூவால் குறிப்பார்கள். இவ்வளவுதான் அந்த 'பயோ'.

நம்மைப் போல் பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தவர்கள் தடுக்கி விழுவது வேறு இடத்தில். கேள்வியில் இருக்கும் ஆங்கிலச் சொற்களில். வினாத்தாளில் ஒரு சொல்கூடச் சும்மா இருப்பதில்லை. ஒவ்வொன்றும் நோட்டில் ஏதோ ஒரு வரியை அடித்துவிடச் சொல்கிறது. 'ஸ்டெடி ஸ்டேட்' என்றால் சேர்ந்தது பூஜ்யம். 'ஸ்டெரைல் ஃபீட்' என்றால் உள்ளே வரும் திரவத்தில் செல் கிடையாது, அதனால் செல்லின் வரவு பூஜ்யம். 'பேட்ச்' என்றால் ஓடிக்கொண்டிருக்கும் வரவும் செலவும் இல்லை, வட்டி மட்டும் சேரும். 'நெக்ளிஜிபிள் மெயின்டெனன்ஸ்' என்றால் செல் உயிர் பிழைத்திருக்கத் தின்னும் சர்க்கரையைக் கணக்கில் சேர்க்காதே என்று அர்த்தம். 'ரெஸ்பெக்டிவ்லி' என்றால் சொன்ன வரிசைப்படியே எண்களைப் பொருத்து. இந்த மாதிரிச் சொற்களை நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆளுக்கு ஆள் எழுதிச் சேர்த்தோம். இப்போது நாற்பது தேறும். என்னைக் கேட்டால் சூத்திரப் பட்டியலைவிட இந்தப் பட்டியல்தான் மதிப்பெண் வாங்கித் தரும். சூத்திரத்தை எப்படியும் கண்டுபிடித்துக்கொள்ளலாம். 'ஸ்டெரைல்' என்பதைத் தாண்டிப் போய்விட்டால் கேள்வியே வேறாகிவிடும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பேட்ச் ஃபெர்மென்டரில் தொடக்கத்தில் லிட்டருக்கு 0.1 கிராம் செல். மியூ மணிக்கு 0.35. லிட்டருக்கு 3.2 கிராம் ஆக எவ்வளவு நேரம்?

கால்குலேட்டரைத் தொடாதீர்கள். 0.1 என்பது 3.2 ஆவது 32 மடங்கு. 2, 4, 8, 16, 32 என்று ஐந்து முறை இரட்டிப்பு. ஒரு முறை இரட்டிக்க ஆகும் நேரம் 0.693-ஐ மியூவால் வகுத்தது, அதாவது 1.98 மணி. ஐந்து முறைக்கு 9.9 மணி. முடிந்தது. எண் இவ்வளவு அழகாக அமையாத கேள்விதான் அதிகம் வரும். அப்போதும் 'ஐந்து இரட்டிப்புக்கு மேல், ஆறுக்குள்' என்று முதலில் மனசில் எல்லை கட்டிக்கொண்டால் விடை தடம் மாறாது. தேர்வு அறையில் நம் காஸியோ உள்ளே போகாது. கணினித் திரையில் அவர்கள் தரும் கால்குலேட்டர்தான். அதில் 10-ஐ அடியாகக் கொண்ட லாக் பட்டனும் இயல் மடக்கைக்கான எல்.என். பட்டனும் தனித்தனி. அவசரத்தில் லாக் பட்டனை அழுத்தினால் விடை 4.3 மணி என்று வரும். எல்லை கட்டினவருக்கு உடனே இடிக்கும், கட்டாதவர் அதையே அடித்துவிட்டுப் போவார்.

(இட்லி மாவு இரட்டிப்பதும் இதுதானா என்று தோழி ஒருத்தி கேட்டாள். மாவு பொங்குவது அதில் அடைபடும் கார்பன் டை ஆக்சைடால். அதை உண்டாக்குவதில் பெரும்பங்கு லூக்கோனோஸ்டாக் என்ற பாக்டீரியாவுக்கு. மாவு இரண்டு மடங்கு உயர்வதற்குள் பாக்டீரியா எத்தனையோ மடங்கு பெருகியிருக்கும். ஆகவே பாத்திரத்தின் உயரத்தை வைத்து மியூ கணக்கிட முடியாது. ஆனால் மார்கழியில் மாவு புளிக்க ஏன் நேரமாகிறது என்பதற்கு மியூதான் பதில். குளிரில் வட்டி வீதம் குறைகிறது.)

தொட்டி தப்புமா?

இனி கீமோஸ்டாட். பயோபிராசஸில் எனக்கு மிகவும் பிடித்தது இது. ஒரு தொட்டி. ஒரு பக்கம் சர்க்கரைத் திரவம் ஒரே வேகத்தில் உள்ளே வருகிறது. அதே வேகத்தில் செல்லும் மிச்சச் சர்க்கரையும் கலந்து வெளியே போகிறது. 1950-ல் ழாக் மோனோ ஒரு பக்கமும், நோவிக்கும் சிலார்டும் சேர்ந்து இன்னொரு பக்கமுமாக இதைத் தனித்தனியே வெளியிட்டார்கள். அந்த மோனோவின் சமன்பாட்டைத்தான் நாம் இன்றும் போடுகிறோம்.

பாயும் வேகத்தைத் தொட்டியின் கொள்ளளவால் வகுத்தால் டைலூஷன் ரேட். சுருக்கமாக 'டி'. இப்போது அம்மாவின் நோட்டைத் திறவுங்கள். செல்லின் வரவு பூஜ்யம், ஏனென்றால் ஸ்டெரைல் ஃபீட். சேர்ந்தது பூஜ்யம், ஏனென்றால் ஸ்டெடி ஸ்டேட். மீதி இருப்பது வட்டியும் செலவும். இரண்டும் சமமாக இருந்தே தீர வேண்டும். அதாவது மியூ = டி. புத்தகத்தில் பெட்டி கட்டிப் போட்டிருக்கும் சூத்திரம் இதுதான். மனப்பாடம் செய்ய இதில் என்ன இருக்கிறது?

ஒரு கணக்கு. தொட்டி 2 லிட்டர். பாய்ச்சல் மணிக்கு 0.6 லிட்டர். அதிகபட்ச மியூ மணிக்கு 0.5. மோனோ மாறிலி லிட்டருக்கு 0.2 கிராம். உள்ளே வரும் சர்க்கரை லிட்டருக்கு 10 கிராம். ஒரு கிராம் சர்க்கரைக்கு 0.5 கிராம் செல். வெளியே வரும் சர்க்கரை எவ்வளவு, செல் எவ்வளவு?

டி = 0.6 ÷ 2 = 0.3. மோனோ சமன்பாட்டைத் திருப்பிப் போட்டால் மிச்சச் சர்க்கரை = மாறிலி × டி ÷ (அதிகபட்ச மியூ − டி) = 0.2 × 0.3 ÷ 0.2 = 0.3 கிராம். செலவான சர்க்கரை 10 − 0.3 = 9.7. செல் = 0.5 × 9.7 = லிட்டருக்கு 4.85 கிராம்.

இதுவரை எல்லோரும் போடுவார்கள். இப்போது அதே தொட்டிக்குப் பாய்ச்சலை மட்டும் மணிக்கு 1.2 லிட்டர் ஆக்குங்கள். டி = 0.6. சூத்திரத்தில் போட்டால் சர்க்கரை = 0.2 × 0.6 ÷ (0.5 − 0.6) = −1.2. செல் = 0.5 × (10 + 1.2) = 5.6 கிராம். செல் மட்டும்தான் கேள்வி என்றால் 5.6 என்ற விடை எவ்வளவு லட்சணமாக இருக்கிறது பாருங்கள்! முந்தின விடையைவிடக் கொஞ்சம் கூட. பாய்ச்சல் கூடினால் செல்லும் கூடியது என்று மனசு சமாதானமும் சொல்லிக்கொள்ளும். கணக்குப் புத்தகத்தில் எல்லாம் சரி. தொட்டியில் மட்டும் ஒரு செல்கூட இல்லை.

ஏன்? செல்லால் மணிக்கு 0.5-க்கு மேல் பெருக முடியாது. நாமோ 0.6 வேகத்தில் வெளியே வாரிக் கொட்டுகிறோம். ஐந்து ரூபாய் வட்டி வரும் முதலிலிருந்து ஆறு ரூபாய் எடுத்துக்கொண்டே இருந்தால் முதல் கரைந்து போகாதா? இதற்கு வாஷ் அவுட் என்று பெயர். சரியான விடை: செல் பூஜ்யம், வெளியே வரும் சர்க்கரை 10 கிராம், போட்டது போட்டபடி. எல்லையைச் சரியாகக் கணக்கிட்டால் 0.5 × 10 ÷ (0.2 + 10) = 0.49. இந்தத் தொட்டிக்கு மணிக்கு 0.98 லிட்டருக்கு மேல் பாய்ச்சினால் செல் தங்காது.

அதனால் எங்கள் குழுவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். கீமோஸ்டாட் என்ற சொல்லைப் பார்த்த உடனே, கேள்வியை முழுசாகப் படிப்பதற்குள்ளேயே, 'தொட்டி தப்புமா?' என்று ஓரத்தில் எழுதி இந்த எல்லையைக் கணக்கிட்டுவிடுவது. அரை நிமிஷ வேலை. சுருக்கு வழி என்ற பெயரில் சூத்திரத்தை மட்டும் தருகிற கைப்புத்தகங்கள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லாமல் போனது இந்த ஒரு கணக்கால்தான். சூத்திரத்துக்குச் செத்துப்போன தொட்டியும் உயிருள்ள தொட்டியும் ஒன்றுதான்.

22 நொடி

ஆக்சிஜன் கணக்குக்கு வருவோம். சர்க்கரை தண்ணீரில் எவ்வளவு வேண்டுமானாலும் கரையும். ஆக்சிஜன் அப்படி இல்லை. காற்றோடு தொட்டுக்கொண்டிருக்கும் தண்ணீரில், 25 டிகிரி செல்சியஸில், லிட்டருக்கு ஏறக்குறைய 8 மில்லிகிராம்தான் நிற்கும். கிராம் அல்ல, மில்லிகிராம்!

லிட்டருக்கு 5 கிராம் செல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் செல் மணிக்கு 8 மில்லிமோல் ஆக்சிஜன் கேட்கிறது. ஒரு மில்லிமோல் ஆக்சிஜன் 32 மில்லிகிராம். ஆக ஒரு கிராம் செல்லுக்கு 256 மில்லிகிராம், 5 கிராமுக்கு 1280 மில்லிகிராம், இது ஒரு மணி நேரத்துக்கு. கையிருப்போ 8. 8 ÷ 1280 மணி நேரம் என்பது எத்தனை நொடி? 22.5. காற்றை நிறுத்திய 22 நொடியில் கையிருப்பு தீர்ந்துவிடும்.

இந்த எண்ணை முதன்முதலில் போட்டபோது அப்பாவை நினைத்துக்கொண்டேன். அப்பா வேதாரண்யம் பக்கம் ஓர் இறால் பண்ணையில் இராத்திரி வேலை பார்க்கிறார். குளத்தில் சக்கரம் சக்கரமாக ஏரேட்டர் ஓடும். கரண்ட் போனால் உடனே ஜெனரேட்டரைத் தட்டிவிட வேண்டும். "விடியக்காலம் மூணு மணிக்கு மேலதான் பாப்பா, கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் பாக்கணும். அப்பதான் எறா மேல வந்து வாயத் தொறக்கும்" என்பார். காரணம் அவருக்குப் புத்தகத்தில் தெரியாது. குளத்தில் உள்ள பாசி பகலில் ஆக்சிஜன் தரும். இரவில் அதுவும் இறாலோடு சேர்ந்து மூச்சு வாங்கும். வரவு நின்று செலவு மட்டும் ஓடி ஓடி, விடியலுக்குச் சற்று முன்னால் இருப்பு அடிமட்டத்துக்கு வந்துவிடும். அவர் இராத்திரி முழுக்க முழித்துக் காப்பாற்றுவதும் இதே வரவு செலவைத்தான். குளத்துக்குக் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. நெருக்கமாக செல் வளர்ந்த ஃபெர்மென்டருக்கு அதுவும் இல்லை.

காற்றிலிருந்து ஆக்சிஜன் உள்ளே நுழையும் வேகம் இரண்டைப் பொறுத்தது. ஒன்று கே.எல்.ஏ. என்ற கெழு. கலக்கியின் வேகம், குமிழியின் அளவு எல்லாம் அதற்குள் அடக்கம். இன்னொன்று இடைவெளி. அதிகபட்சம் நிற்கக்கூடிய 8-க்கும் இப்போது இருப்பதற்கும் உள்ள வித்தியாசம். செல் திணறாமல் இருக்கக் குறைந்தது 2 மில்லிகிராம் வேண்டும் என்று கேள்வியில் கொடுத்திருந்தால் இடைவெளி 6. தேவை 1280. ஆகவே கே.எல்.ஏ. = 1280 ÷ 6 = மணிக்கு 213. விடையை நொடியில் கேட்டிருந்தால் 3600-ஆல் வகுத்து 0.059. மணியா நொடியா, மில்லிமோலா மில்லிகிராமா என்ற இந்த இரண்டில்தான் மதிப்பெண் போகிறது. நாங்கள் நோட்டில் வலது பக்கம் ஒரு கோடு போட்டு யூனிட்டுக்கென்று தனிப் பத்தி விட்டிருக்கிறோம். எண் இடது பக்கம், அதன் யூனிட் வலது பக்கம். யூனிட் எழுதாமல் அடுத்த வரிக்குப் போகக் கூடாது.

பென்சிலின் கதை தெரிந்தவர்களுக்கு இந்தக் கெழுவின் அருமை புரியும். பூஞ்சையை முதலில் பாட்டில் பாட்டிலாக மேற்பரப்பில்தான் வளர்த்தார்கள். ஆழமான பெரிய தொட்டிக்குள் காற்றைச் செலுத்தி வளர்க்கும் வழி கைகூடிய பிறகுதான், 1944 வாக்கில், அது போர்முனைக்குப் போதுமான அளவு கிடைத்தது. நம் நாட்டில் 1954-ல் பிம்பிரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் தொடங்கியது இதே பென்சிலினுக்காகத்தான்.

ஸ்டெரிலைசேஷன்

இது சின்னப் பகுதி. ஆனால் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. 10,000 லிட்டர் ஊடகம். மில்லிலிட்டருக்கு 1 லட்சம் ஸ்போர். 121 டிகிரியில் அவை சாகும் வீதம் நிமிஷத்துக்கு 2.5. ஆயிரம் முறை ஓட்டினால் ஒரு முறைதான் கெடலாம். எத்தனை நிமிஷம் சூடாக்க வேண்டும்?

பள்ளம் என்னவென்றால், தொடக்க எண்ணிக்கை 1 லட்சம் இல்லை. அது ஒரு மில்லிலிட்டரில் இருப்பது. தொட்டியில் 1 கோடி மில்லிலிட்டர் இருக்கிறது. ஆக லட்சம் கோடி, அதாவது 10¹². கடைசியில் மிஞ்ச வேண்டியது 10⁻³. ஆயிரத்தில் ஒரு பங்கு ஸ்போர் எப்படி மிஞ்சும் என்று குழம்ப வேண்டாம். ஆயிரம் தொட்டிக்கு ஒரு ஸ்போர் என்று படியுங்கள். விகிதம் 10¹⁵. அதன் இயல் மடக்கை 15 × 2.303 = 34.5. அதை 2.5-ஆல் வகுத்தால் 13.8 நிமிஷம்.

கொள்ளளவைப் பெருக்காமல் போட்டால் விகிதம் 10⁸, நேரம் 7.4 நிமிஷம். பார்க்க அதுவும் நியாயமான விடை மாதிரிதான் இருக்கும். ஆனால் 7.4 நிமிஷத்தில் நிறுத்தினால் தொட்டியில் 10,000 ஸ்போர் உயிரோடு இருக்கும். ஒன்றே போதும், மறுநாள் தொட்டி நாற. 121 டிகிரி என்பதும் ஏதோ ஆய்வகத்து அதிசயம் இல்லை. நம் வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே ஏறக்குறைய அந்தச் சூடுதான்.

மற்றவற்றை வேகமாகப் பார்த்துவிடுவோம். குளுக்கோஸிலிருந்து ஆல்கஹால்: 180 கிராமிலிருந்து 92 கிராம்தான் வரும், மீதி 88 கார்பன் டை ஆக்சைடாகப் போகும். விகிதம் 0.511. நான்கு விடைகளில் 0.6 என்று ஒன்று இருந்தால் கணக்குப் போடாமலே அதை அடித்துவிடலாம். ஒரு டன் மொலாசஸில் குளுக்கோஸாகக் கணக்கிட்டால் 45 சதவீதம் சர்க்கரை, திறன் 90 சதவீதம் என்றால் 450 × 0.511 × 0.9 = 207 கிலோ. அடர்த்தி 0.789. ஆக 262 லிட்டர் ஆல்கஹால். என்சைம் பகுதியில் 1913-ன் மைக்கேலிஸ்–மென்டன் சமன்பாடு ஒன்றைப் பிடித்தால் போதும். வேகத்தை 10 சதவீதத்திலிருந்து 90 சதவீதமாக்க சப்ஸ்ட்ரேட்டை 9 மடங்கு கூட்டினால் போதும் என்று தோன்றும். போட்டுப் பாருங்கள், 81 மடங்கு வேண்டும். மரபியலில் ரெஸ்ட்ரிக்ஷன் என்சைம் கணக்கு: ஆறு எழுத்தை அடையாளம் காணும் என்சைம் சராசரியாக 4 × 4 × 4 × 4 × 4 × 4 = 4096 எழுத்துக்கு ஒரு முறை வெட்டும். லாம்டா வைரஸின் டி.என்.ஏ. 48,502 எழுத்து. கணக்குப்படி ஈகோ ஆர் ஒன் சுமார் 12 இடத்தில் வெட்ட வேண்டும். நிஜத்தில் 5 இடத்தில்தான் வெட்டுகிறது. 'எதிர்பார்க்கப்படும்' என்று கேள்வியில் இருந்தால் 12, 'லாம்டாவில் உண்மையில்' என்று இருந்தால் 5. இங்கேயும் பாருங்கள், ஒரு சொல்தான்.

ஊகித்து விடை எழுதலாமா என்பது நண்பர்கள் அடிக்கடி கேட்பது. அதுவும் கணக்குதான். ஒரு மதிப்பெண் கேள்வியில் நான்கு விடை. சரியானால் 1, தவறானால் மூன்றில் ஒரு பங்கு போகும். கண்ணை மூடிக்கொண்டு நான்கு கேள்விக்குக் குறித்தால் சராசரியாக ஒன்று சரி, மூன்று தவறு. 1 − 1 = 0. லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஒரே ஒரு விடையை 'இது நிச்சயம் இல்லை' என்று தள்ள முடிந்தால் கணக்கு நம் பக்கம் சாய்கிறது, கேள்விக்கு ஒன்பதில் ஒரு பங்கு லாபம். அந்த 0.6-ஐ அடித்தோமே, அதற்கு இதுதான் பலன். எண்ணைத் தட்டச்சு செய்யும் கேள்விக்குக் குறைப்பு மதிப்பெண் கிடையாது. அதைக் காலியாக விடுவது மட்டும் மன்னிக்க முடியாதது. பல விடைகள் சரியாக இருக்கும் வகைக்கும் குறைப்பு இல்லை. ஆனால் எல்லாவற்றையும் சரியாகக் குறித்தால்தான் மதிப்பெண், பாதிக்குப் பாதி தர மாட்டார்கள்.

நாங்கள் பழகும் முறையையும் கேட்டீர்களானால் சொல்கிறேன். ஒரு நாளைக்கு நாலே கணக்கு. ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போட்ட பிறகு, கணக்கை ஒருவர் தமிழில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எழுதக் கூடாது, சொல்ல வேண்டும். "தொட்டிக்குள்ள இவ்வளவு வருது, இவ்வளவு போகுது, ஆனா செல்லு வரல, ஏன்னா ஸ்டெரைல்." சொல்லும்போது எங்கே திக்குகிறதோ அங்கேதான் புரியவில்லை. விடைக்குறிப்பை அதற்குப் பிறகுதான் திறப்போம். நாற்பது கணக்கை வேகமாகப் போட்டுத் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வேகம் எனக்குப் பொறாமைதான். இருந்தாலும் நாலு போதும் என்பதே என் கட்சி.

கடைசியாக உங்களுக்கு ஒன்று. மலரை மூடுவதற்கு முன் பென்சில் எடுங்கள். நம்மிடம் இருக்கும் ஃபெர்மென்டரின் கே.எல்.ஏ. மணிக்கு 150-க்கு மேல் போகாது. நிற்கக்கூடிய ஆக்சிஜன் லிட்டருக்கு 8 மில்லிகிராம், செல்லுக்கு எப்போதும் இருக்க வேண்டியது குறைந்தது 2. ஒரு கிராம் செல் மணிக்கு 8 மில்லிமோல் ஆக்சிஜன் கேட்கிறது. ஒரு கிராம் சர்க்கரைக்கு 0.5 கிராம் செல். பேட்ச் முறை. தொடக்கத்தில் போடும் செல்லைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். செல் திணறாமல் வளர, லிட்டருக்கு அதிகபட்சம் எவ்வளவு சர்க்கரை போடலாம்?

விடை 7 கிராமை ஒட்டி வர வேண்டும். 9.4 வந்திருந்தால் 6 போட வேண்டிய இடத்தில் 8 போட்டிருக்கிறீர்கள்.